என் மனைவியின் கம்ப்யூட்டரை நான் பழுதுபார்த்த கதை

பினாங்கில், மாக் மண்டின் என்ற இடத்தில் தகர டின் செய்யும் தொழிற்சாலையில் நான் மெக்கானிக்காக இருந்தேன். எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. என் மனைவியைக் கேட்டால் இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்வாள்.

அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்தது ஒரு பழைய 386 கம்ப்யூட்டர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடொன்றின் நான்காவது மாடியில் இருந்தோம். மனைவி ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அங்கே புதுக் கம்ப்யூட்டர்கள் வந்ததும் பழையவற்றை ஊழியர்களுக்கே கொடுத்தார்கள். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அவள் டாக்சியில் வந்து இறங்கினாள். பிள்ளையைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோதுகூட முகத்தில் அவ்வளவு பெருமை இல்லை.

பெருமைக்குப் பின்னால் பயமும் இருந்தது. இனி டைப்பிஸ்ட் வேலையே இருக்காது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தபால் வழியாக அவள் படித்துக்கொண்டிருந்த டிப்ளோமாவை முடித்தால் கணினிப் பிரிவில் இடம் உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எல்லாப் பரீட்சையும் முடிந்து கடைசியாக ஓர் அறிக்கை மட்டும் பாக்கி. பிள்ளை பிறந்ததால் ஒரு தடவையும், பிள்ளைக்கு அம்மை போட்டதால் இன்னொரு தடவையும் தவணை வாங்கியிருந்தாள். மூன்றாவது தவணை கிடையாது. டிசம்பர் நடுவுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும்.

அக்டோபர் மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் நிற்க ஆரம்பித்தது. அவள் தட்டிக்கொண்டே இருப்பாள். திடீரென்று திரை கறுத்து 'பாரிட்டி எரர்' என்று ஒரு வரி வரும். அதற்குப் பிறகு எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையாது. கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு தட்டியதெல்லாம் போச்சு. சில நாள் நாலு மணி நேரம் ஓடும், சில நாள் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

"கேபிள் லூஸா இருக்கும். கொடு, ஒரு நிமிஷம்" என்றேன்.

கேபிளை மாற்றினேன், மறுநாளும் நின்றது. மூடியைக் கழற்றி அட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் துடைத்து மாட்டினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. அந்த இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையில் என் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பழையபடி நின்றது. எங்கள் தொழிற்சாலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் சீன நண்பரிடம் சொன்னேன். வைரஸாக இருக்கும் என்று டிஸ்கெட் ஒன்றைக் கொடுத்தார். அதைப் போட்டுத் தேடியதில் ஒன்றும் அகப்படவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது, "ஃபார்மட் சஜாலா, அண்ணே" என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்று என்று அர்த்தம்.

மனைவி வேண்டாம் என்றாள். உன் கோப்புகளை டிஸ்கெட்டில் நகல் எடுத்துவிட்டேன், பயப்படாதே என்றேன். எடுக்கத்தான் செய்தேன். எடுத்த நகல் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்கவில்லை. கோளாறு உள்ள கம்ப்யூட்டர் நகலையும் கோளாறாகத்தான் எடுக்கும் என்பது ஒரு மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபார்மட் முடிந்து டிஸ்கெட்டைப் போட்டபோது அவளுடைய அறிக்கை முழுக்கக் கட்டமும் கோடுமாக வந்தது. மறுநாள் அந்தத் திரையும் கறுத்து நின்றது.

அவள் சத்தம் போடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பம் அவளுடையது. மற்ற நேரம் எங்களைப் போலத்தான் பேசுவாள். கோபம் வந்தால்தான் யாழ்ப்பாணம் எட்டிப் பார்க்கும்.

"இனி நீங்கள் இதில கை வைக்க வேண்டாம். நான் எழுதி வைச்சுப் பாக்கிறன்."

எனக்குச் சுருக்கென்றது. எழுதி வைத்து எந்த இயந்திரம் சரியானது? ஆனால் அவர்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. அவளுடைய தாத்தா, அப்பா எல்லோரும் கிளார்க் வேலை பார்த்தவர்கள். அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூட நேரம் போட்டு எழுதி வைப்பார்கள். நான் பைராம் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டில் வளர்ந்தவன். காய்ச்சல் வந்தால் போர்த்திக்கொண்டு படுப்போம்.

பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தாள். எத்தனை மணிக்குத் திறந்தாள், எத்தனை மணிக்கு நின்றது, மின்விசிறி ஓடியதா, வெளியே வெயிலா மழையா, எல்லாம் எழுதினாள். இடையிடையே நிற்கும் அதே கம்ப்யூட்டரில்தான் அறிக்கையையும் மறுபடி தட்டிக்கொண்டிருந்தாள். அலுவலகப் பிரின்டரில் எடுத்த முதல் வரைவின் நாற்பத்தெட்டுத் தாள்கள் கையில் இருந்தன. நல்ல நாளில் இரண்டு பக்கம் நகரும். எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. உதவ வழியில்லாமல் சமையலறையில் பாத்திரம் கழுவினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டை என் முன்னால் வைத்தாள்.

"வெயில் அடிக்கிறப்ப ஒரு தடவைகூட நிக்கலங்க. மழை புடிச்சு அரை மணி நேரத்துக்குள்ள நிக்குது. பாருங்க."

பார்த்தேன். ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

"ஈரக்காத்து. பழைய கம்ப்யூட்டர், அப்படித்தான்" என்றேன்.

"செப்டம்பர்லயும் மழைதானே? அப்ப ஏன் நிக்கல? பூஜைக்கு அப்புறம்தான் இது ஆரம்பிச்சது. பூஜைக்கு இதுக்கு என்ன செஞ்சீங்க?"

சரஸ்வதி பூஜைக்கு அவர்கள் வீட்டில் புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். எங்களுக்கு அது ஆயுத பூஜை. தொழிற்சாலையில் எல்லா இயந்திரத்தையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். மற்றவர்கள் வெளியே வைப்பார்கள். நான் மூடியைக் கழற்றி உள்ளே மோட்டாருக்கும் வைப்பேன். வேலை செய்வது உள்ளேதானே, வெளித் தகட்டுக்கு வைத்து என்ன பயன் என்பது என் கட்சி. எத்தனையோ வருடமாக எந்த மோட்டாரும் முறைத்துக்கொண்டதில்லை.

மனைவியின் படிப்பு நல்லபடியாக முடிய வேண்டும் என்று இந்தக் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் செய்தேன். மூடியைத் திறந்து, உள்ளே வரிசையாக நிமிர்ந்து நின்ற மெமரிப் பலகைகளின் தலையில் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக வைத்தேன்.

அதை மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். பழுதுபார்க்க மூடியைத் திறந்தபோதெல்லாம் அந்தப் பொட்டைப் பார்த்தேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். மற்ற அட்டைகளையெல்லாம் உருவித் துடைத்தவன், பொட்டு கலைந்துவிடும் என்று அந்தப் பலகைகளை மட்டும் தொடவில்லை. சாமிக்கு வைத்தது எப்படிக் கோளாறாகும்? அது என் கணக்கிலேயே வரவில்லை.

சொன்னேன். அவள் கம்ப்யூட்டரின் மூடியைக் காட்டினாள்.

"எடுத்துப் பாருங்க" என்றாள்.

"பொட்டை அழிக்கச் சொல்றியா?"

"சாமி கோவிச்சுக்காது. இந்த ரிப்போட் போகலன்னா நான்தான் கோவிச்சுக்குவேன்."

குளித்துவிட்டு வந்து, சாமி மாடத்துக்கு முன்னால் நின்று விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பலகைகளை உருவினேன். சந்தனம் தலையோடு நின்றிருக்கவில்லை. குழைத்த தண்ணீரோடு வழிந்து, பலகை செருகும் பள்ளம்வரை இறங்கிக் காய்ந்திருந்தது. முதல்நாள் மழையின் ஈரம் அதில் இன்னும் பிசுபிசுத்தது. வெயிலில் காய்ந்தால் பேசாமல் இருக்கும், மழையில் ஊறினால் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஒன்று சேர்த்துவிடும். வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஸ்பிரிட் தொட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் அந்தப் பள்ளத்தைத் தேய்த்தேன். பலகைகளின் முனையை ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்தேன். கடைசித் துணுக்குச் சந்தனம் போகும்வரை அவள் டார்ச் அடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று மதியமே தட்டத் தொடங்கினோம். வேகமாக முடிக்க நான் தாளைப் பார்த்து வாசிப்பது, அவள் தட்டுவது என்று ஏற்பாடு. என் ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் போகும். அவள் பொறுத்துக்கொண்டாள். நான்கு மணி சுமாருக்கு மழை பிடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தோம். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. வெளியே சாக்கடை நிரம்பி ஓடும் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாசிங்க" என்றாள்.

அந்த அறிக்கை எதைப் பற்றியது என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. வாசிக்க வாசிக்கத்தான் புரிந்தது. சிறிய தொழிற்சாலைகளில் இயந்திரப் பழுதுகளை எப்படிப் பதிவு செய்வது என்பது அதன் விஷயம். இத்தனை வருடம் நான் சாப்பாட்டு மேசையில் அளந்த கதையெல்லாம் அதில் இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. அனுபவமுள்ள மெக்கானிக் தன் கையை நம்புகிறார், எதையும் எழுதி வைப்பதில்லை, அதனால் ஒரே பழுதை மூன்று தடவை பார்க்கிறார் என்று தொடங்கியது.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அவள் விரல்கள் நிற்கவில்லை. பத்தி முழுவதையும் தாளைப் பார்க்காமலே தட்டி முடித்தாள்.

பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எடுத்துடவா?"

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கேபிள், அட்டை, வைரஸ், ஃபார்மட் என்று மனதுக்குள் எண்ணினேன்.

"வேணாம், இருக்கட்டும். மூணு தடவைங்கிறத மட்டும் நாலுன்னு மாத்திடு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பின்னால் போய், மூன்றை அழித்துவிட்டு நான்கு என்று தட்டினாள். அறிக்கை தவணைக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் அவள் கணினிப் பிரிவில் போய் உட்கார்ந்தாள்.