சாராயக்கடையில் பாட்டுப் பெட்டிக்குச் சாவி கொடுத்தேன்

குடித்தவனுக்குப் பாட்டுப் போடுவது, குடிக்காதவன் செய்யக்கூடிய வேலைகளிலேயே கஷ்டமானது. ஒரே பாட்டை ஒரு பகலில் இருபது தடவை கேட்டு, இருபதாவது தடவையும் முகம் சுளிக்காமல் இருந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்லப்போவது அவர்களுக்கு உடனே புரியும்.

அப்போது எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. ஊர் ஊராக ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். வில்லியனூரில் கம்பெனி கலைந்தது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்த சாராயக்கடை முதலாளி புதிதாக ஒரு கிராமபோன் வாங்கியிருந்தார். ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு தடவை சாவி கொடுக்க வேண்டும், ஊசி மாற்ற வேண்டும், கேட்டதைப் போட வேண்டும். "பாட்டு தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது" என்று என்னை வைத்துக்கொண்டார்.

எல்லை தாண்டி வந்தவர்

எங்கள் ஊரிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் இங்கிலீஷ்காரன் எல்லை. அந்தப் பக்கம் சில தேசபக்திப் பாட்டுகளுக்குத் தடை. தட்டு வைத்திருந்தாலே பிடுங்கி உடைத்துவிடுவார்கள். எங்களிடம் அப்படி இரண்டு தட்டுகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வருவார். வேட்டி கட்டியிருந்தாலும் நடை மட்டும் உடுப்புப் போட்ட நடை. அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் அவரைப் பார்த்ததும் இரண்டு தட்டையும் சாக்குக்கு அடியில் தள்ளினேன். அவர் நேரே என்னிடம் வந்து, அதில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்டார். சாக்கைத் தூக்கி எடுத்துப் போட்டேன். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "ஊசிய மாத்துப்பா. போன வாரம் நான் ஒடச்ச பிளேட்டுல இதவிடத் தெளிவா கேட்டுது."

கூடையோடு நின்றவள்

கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் சந்தைக்கு மீன் கொண்டுவருவார்கள். அவள் விற்பாள், அவன் இங்கே உட்கார்ந்திருப்பான். விற்று முடித்ததும் அவள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பாள். அவன் எழுந்து ஓடுவான். அந்தக் குரலுக்கு எங்கள் முதலாளியே பயப்படுவார்.

ஒரு நாள் அவள் வந்தபோது, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பாடுகிற நாடகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து அவளுடைய வழக்கமான குரல் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கூடையை இடுப்பில் வைத்தபடி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர்களுக்கும் ஒரு பிள்ளை போனது என்று பின்னால்தான் தெரிந்தது. பாட்டு முடிந்தது. நான் தட்டைத் திருப்பாமல் காத்திருந்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னாள்: "எழுந்து வாய்யா. அழுவறதுன்னா வூட்ல போய் ரெண்டு பேருமா அழுவலாம்."

குழாயின் திசை

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடைக்குள்ளேயும் இடம் பிரித்திருந்தார்கள். முன்பக்கம் பெஞ்சில் நிலம் வைத்திருக்கிற குடியானவர்கள். பின்பக்கம், கீற்றுத் தட்டிக்கு அப்பால், மண்தரையில் சேரி ஆட்கள். பெட்டியின் குழாய் முன்பக்கம் பார்த்திருக்கும். பின்னால் இரைச்சல்தான் போகும்.

மாரி என்று ஒரு அறுப்பு ஆள். அவனே நன்றாகப் பாடுவான். ஒரு பாட்டுக்காவது குழாயை அந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று தட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டான். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் திருப்பிவிட்டேன். பின்பக்கம் பேச்சே நின்றுபோனது. பாட்டு பாதி போயிருக்கும், முன்பெஞ்சில் இருந்த ஒரு பெரிய மிராசுதார் யாருக்காக இந்தப் பெட்டி வாங்கியது என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயை முன்பக்கம் திருப்பினேன்.

பொழுது சாயும்போது மாரி பின்வழியாக வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது. "பாதி கேட்டுட்டம்பா. மீதிய நாங்களே பாடிக்கிறோம்" என்றான்.

நின்றுபோன வார்த்தை

ஒரு தட்டில் கீறல். நாயகி நாயகனிடம் விடைபெறும் பாட்டு. 'வருவேன்' என்கிற இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு, வருவேன், வருவேன், வருவேன் என்றே சுற்றும். நான் ஒரு தட்டு தட்டினால்தான் நகரும். கடையே சிரிக்கும்.

ஒதியம்பட்டிலிருந்து கோவிந்தசாமி என்கிற கரும்புக் குடியானவர் வருவார். அவர் சிரிக்க மாட்டார். தட்டாதே, அது பாட்டுக்குச் சொல்லட்டும் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அவருடைய ஒரே மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறியவன் என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து கடிதம் இல்லையாம். அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது நான் அந்த இடத்தில் கை வைப்பதில்லை. மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். தட்டினால் ஊசி முறிந்துவிடும், வேறு ஊசி இல்லை என்பேன்.

அந்தத் தட்டை நானேதான் உடைத்தேன். துடைக்கும்போது கை நழுவிவிட்டது. முதலாளி வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார் என்று பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை. கோவிந்தசாமி வந்து குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளதைச் சொன்னேன். பாதிக் குவளையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் வரவில்லை. சண்டை முடிகிறவரைக்கும் வரவில்லை. மகன் விஷயமாக ஏதாவது கெட்ட செய்தியோ என்று யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு மத்தியானம் அவர் வாசலில் நின்றார். பக்கத்தில் கறுத்து மெலிந்த ஒரு வாலிபன், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். குடிக்க வரவில்லை என்றார். மகனைத் தோளில் கை போட்டு என் எதிரே நிறுத்தினார். "இவந்தாம்பா. பிளேட்ட ஒடச்சிட்டோம்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நின்னியே, அதான் உங்கிட்ட காட்டிட்டுப் போவலாம்னு இட்டாந்தேன்."

பத்து வருஷம் சாராயக்கடையில் இருந்தும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, கெட்டது பாட்டுக் கேட்ட என் காது மட்டும்தான் என்று சொன்னால், என் வீட்டில் இன்றுவரைக்கும் யாரும் நம்புவதில்லை.