பத்தரை மணிக் கையெழுத்து

ஒன்பதே முக்கால் ஆனதும் அம்சவல்லி பாதித் தையலில் மிஷினை நிறுத்திவிடுகிறார். ஊசிக்கடியில் கிடக்கும் நீலப் பேன்ட்டில் ஒரு கால் மடித்துத் தைத்தாகிவிட்டது, இன்னொரு கால் முழ நீளத்துக்குத் தொங்குகிறது. கொடுத்தவர் எதிரிலேயே நின்று கெஞ்சுகிறார். ஊகூம். "பதினொன்னரைக்கு வாப்பா. இப்ப எனக்கு டூட்டி கீது" என்று வாயில் கவ்விய குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து சொல்லிவிட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்தி வைக்கிறார். பிறகு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறார். இஞ்ச் டேப் கழுத்திலேயே கிடக்கிறது. அதை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை.

டூட்டி, போலீஸ் ஸ்டேஷனில். அம்சவல்லிக்கும் காக்கிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, கம்பெனி யூனிஃபார்மை அளவு குறைத்துத் தருகிற தையல்காரர். வயது ஐம்பத்திரண்டு. கம்பெனிகள் கொடுக்கிற சட்டையும் பேன்ட்டும் யார் உடம்புக்கும் பொருந்துவதில்லை என்பதால் அவர் பிழைப்பு ஓடுகிறது. நிறத்தைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடுவார். இடுப்பளவு கேட்க மாட்டார், ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார், அவ்வளவுதான். என்னையும் அப்படிப் பார்த்தார். "முப்பத்தாறு. போன வருசம் முப்பத்திநாலா இருந்திருப்பே" என்றார். உண்மைதான், அதை ஊர் கேட்கச் சொல்லியிருக்க வேண்டாம்.

என்னைப் பத்திரிகையில் அனுப்பியது வேறு வேலைக்கு. ஒரகடம் பக்கம் வழிப்பறி கூடிவிட்டதாமே, காரணம் ஒரு பெட்டிச் செய்தி, தீர்வு ஒரு பெட்டிச் செய்தி, இரண்டும் போட்டு எழுது என்றார் ஆசிரியர். நான்கு நாள் அலைந்தேன். ஓய்வுபெற்ற அதிகாரி கஞ்சா என்றார். பேராசிரியர் வளர்ப்பு சரியில்லை என்றார். கடைக்காரர் வெளியூர்க்காரர்கள் என்றார். தீர்வு கேட்டால் மூவரும் ஒன்றுபோல் கேமரா என்றார்கள். பட்டன் அறுந்த சட்டையோடு அம்சவல்லியிடம் போனபோது, பேச்சுவாக்கில் அவரிடமும் கேட்டுவைத்தேன்.

"யூனிஃபார்ம் திரும்பிப் போற மாசம் எதுன்னு பாரு சார். அதுக்கு அடுத்த மாசம் செல்போன் புடுங்குறது ஜாஸ்தியாவும்" என்றார், தலை நிமிராமல்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பத்து, பதினோரு மாதம் ஆனதும் 'பிரேக்' என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். போகும்போது யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், குறைத்த காலைப் பிரித்துப் பழையபடி விட வேண்டும். அதற்கும் அம்சவல்லியிடம்தான் வருவார்கள். "குறைக்க வரப்போ சிரிச்சிக்கினு வருவான். பிரிக்க வரப்போ மூஞ்ச பாக்க முடியாது. அப்பன் காலத்துல நெலம் கம்பெனிக்குப் பூடுச்சி. அந்தத் துட்டு வண்டியாச்சி, கல்யாணமாச்சி, போச்சி. இவனுக்குக் கீறது அந்த ரெண்டு செட்டுத் துணிதான். அதையும் வாங்கிக்கினா இன்னா பண்ணுவான்? முக்குல நிப்பான். முக்குல ஏற்கெனவே நாலு பேரு நின்னுக்கினு கீறான்." நான்கு நாளில் நான் கேட்டவற்றில் உருப்படியான பேச்சு இது ஒன்றுதான்.

இதைக் கேட்டு அவரை இளகின மனசு என்று நினைத்துவிடக் கூடாது. அவர் கழுத்தில் இடப்பக்கம் ஒரு தழும்பு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் பைக்கில் வந்தவன் தாலிச் சங்கிலியை இழுத்ததில் அறுந்தது சங்கிலி மட்டுமல்ல. அவனை அடையாளம் காட்டி, கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொல்லி, உள்ளே அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார். "சந்தோசமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "பின்ன? ஸ்வீட் வாங்கிக் குடுத்தேன். பொய் சொல்லக் கூடாது. தப்புப் பண்ணவன் உள்ள போவணும். வெளிய வந்தவன் இன்னா பண்ணுவான், அத யாரும் பேசறதில்ல."

அந்தச் சாட்சிக்காகக் கோர்ட் வராந்தாவில் காத்திருந்த நாளில்தான் இந்த டூட்டி தொற்றிக்கொண்டது. அங்கே இரண்டு ஜாமீன்தாரர் கேட்டார்கள். ஒருவர் ரத்த உறவு, ஒருவர் வெளியாள். அப்பனோ அண்ணனோ வந்துவிடுவார்கள், வீட்டு வரி ரசீதோடு வந்து நிற்க அந்த வெளியாள்தான் அகப்படமாட்டார். ஊர்க்காரப் பெண் ஒருத்தி மகனுக்காக ஒவ்வொருவர் காலிலும் விழுந்துகொண்டிருந்தாள். "என் பையில வூட்டு வரி ரசீது கீது. எந்திரிச்சி நின்னேன். அம்புட்டுதான்" என்கிறார் அம்சவல்லி. அதற்குப் பிறகு மொத்தம் ஒன்பது பேருக்கு நின்றிருக்கிறார். ஒருவன் ஓடியும் போனான். அவனைத் தேடி அரக்கோணம் வரை அலைந்து, எட்டு மாதம் கோர்ட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து ஜாமீனில் வந்தவன் தினம் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் போட வேண்டிய கையெழுத்தை, பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

புதன்கிழமை அவரோடு நானும் போனேன். அவர் கணக்கில் அப்போது மூன்று பேர். இருவர் பத்து இருபதுக்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவினார்கள். மூன்றாமவன் பகலவனைக் காணோம். இருபத்து மூன்று வயது. 'பிரேக்' விட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தபோது, ஷிப்ட் முடிந்து நடந்து வந்த ஒரு ஒடிசாக்காரரின் போனைக் கூட்டாளி பிடுங்க, இவன் வண்டி ஓட்டியவன். முப்பது நாள் கையெழுத்தில் பதினெட்டு நாள் தவறாமல் போட்டிருந்தான். இன்று போடாவிட்டால் ஜாமீன் ரத்தாகலாம், மறுபடி உள்ளே போகலாம்.

பத்தே முக்கால். பதினொன்று. போன் சுவிட்ச் ஆஃப். அம்சவல்லியின் முகம் சுண்டிப்போயிற்று. "ஓடிப்பூட்டானா கஸ்மாலம்?" என்று முணுமுணுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து டேப்பின் நுனியைச் சுருட்டினார், பிரித்தார், சுருட்டினார். திடீரென்று நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"அய்யோ, நேத்து அவன் பேன்ட்டத்தான் நான் குறைச்சிக் குடுத்தேன் சார்! சாம்பல் கலரு, ஆரஞ்சு பாக்கெட்டு. அவனே கொண்டாந்து, ஃப்ரெண்டுதுன்னான். எடது கால் மட்டும் அரை இஞ்சு கம்மி வைன்னான். சின்ன வயசுல வண்டில வுழுந்து கால் ஒடச்சிக்கினவன் இந்த ஊர்லயே இவன் ஒருத்தன்தான். ஷிப்ட் கூட்டத்துல கை தெச்சிச்சி, மண்டைல ஏறல."

சாம்பலும் ஆரஞ்சும் ஒரகடத்தில் எந்தக் கம்பெனி என்று அவருக்குத் தெரியும். பயல் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஷிப்ட், நடுவில் பத்தரை. வேலை கிடைத்தால் நேரம் இடிக்குமே என்று, கையெழுத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லி அவன் வக்கீல் எழிலரசி முன்பே போட்ட மனு மறுநாள், வியாழக்கிழமை, விசாரணைக்கு வருகிறது. அதுவரை வேலை காத்திருக்குமா?

ஆட்டோ பிடித்தோம். போகிற வழியெல்லாம் அம்சவல்லி அவனைத் திட்டினார், திட்டாத நேரத்தில் எல்லா சாமியையும் கூப்பிட்டார். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி தடுத்தார். உண்மையைச் சொன்னால் கேஸ் இருப்பது தெரிந்து வேலை அங்கேயே போய்விடும். அம்சவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பகலவன்னு புதுசா சேந்த புள்ளப்பா. அவங்க பெரிம்மா சீரியஸா கீறாங்க. கொஞ்சம் அனுப்பு."

"பெரியம்மாக்கெல்லாம் கேட் பாஸ் தரமாட்டாங்கம்மா. அம்மா அப்பான்னா சரி."

"வளத்ததே அவங்கதான்யா. இழுத்துக்கினு கெடக்குது. இப்பவோ அப்பவோன்னு கீது."

செக்யூரிட்டி நோட்டைப் பிரித்தார். "பெரியம்மா பேரு?"

"அம்சவல்லி."

ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு ஆட்டோ பக்கம் திரும்பிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் பகலவன் ஓடிவந்தான், தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கேட்டுக்கு வெளியே அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"பெரிம்மா... உனக்கு சீரியஸ்னாங்க?"

"செத்துட்டேன். ஏறு வண்டில."

இரண்டு மணி நேரத்துக்குத்தான் கேட் பாஸ். ஆட்டோவில் அவன் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தான். பெர்மிஷன் கேட்டிருக்கலாமே என்றேன் நான், விவரம் தெரியாமல். "எதுக்குன்னு கேப்பாங்க சார். இன்னா சொல்றது? கான்ட்ராக்டர் போலீஸ் வெரிஃபிகேஷன் கேக்காம எட்த்துக்கினாரு. இன்னிக்கு வுட்டா அந்த எடத்துக்கு நாப்பது பேரு நிக்கிறான். போனை லாக்கர்ல வாங்கி வெச்சிக்கிறாங்க, பெரிம்மாக்கு சொல்லவும் முடில."

"நேத்தே சொல்றதுக்கு இன்னா நோவு?" என்றார் அம்சவல்லி. "நீ ஓடிப்பூட்டன்னு நெனச்சிட்டேன்டா. அர மணி நேரம் அப்டியே நெனச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன், பாவி நானு." "சொல்லிருந்தா கையெழுத்த வுட்டுட்டுப் போவாதன்னுவ பெரிம்மா" என்றான் பகலவன்.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது பன்னிரண்டு நாற்பது. கையெழுத்து நோட்டு ஏட்டு மாரிமுத்துவிடம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பதினைந்து வருடமாக இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை. பையனின் யூனிஃபார்மையும் கழுத்து அட்டையையும் பார்த்தார். கதையைக் கேட்டார். கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சரி விடு. பத்தரைன்னு போட்டுட்டுப் போ. ஒரு நாள்தான, நான் பாத்துக்கிடுதேன்."

பகலவனுக்கு உயிர் வந்தது. பேனாவை வாங்கக் கை நீட்டினான். அம்சவல்லி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"வேணாம் சார். பன்னெண்டு நாப்பதுன்னே போடுங்க."

"எம்மா, லேட்டுன்னு எழுதினா ஜாமீனே போயிரும், தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் சார். பெரிய மனசு உங்களுக்கு, நல்லா இருங்க. ஆனா இன்னிக்குப் பத்தரைன்னு போட்டா, நாளைக்கி ஜட்ஜு நோட்டப் பாத்துட்டு, தெனம் ஒழுங்காத்தான வரான், சாயங்காலம் எதுக்குன்னு கேப்பாரு. அப்ப இவன் வேலையும் பூடும். அடுத்த மாசம் எந்த முக்குல போயி நிப்பான்? லேட்டுன்னே எழுதுங்க. வேலைக்குப் போனதால லேட்டுன்னு எழுதுங்க."

"பெரிம்மா, அவரே சொல்றாரு..." என்று பகலவன் இழுத்தான்.

"நீ வாய மூடு. மாட்னா ஜாமீன் நான்தான், நானுந்தான் அலையப் போறேன்."

ஏட்டு நோட்டைத் திருப்பி அவர் பக்கம் காட்டினார். "நீயே பாரு. தேதி, நேரம், பேரு, கையெழுத்து. காரணம் எழுத எங்கம்மா இடம் இருக்கு?"

அம்சவல்லி குனிந்து பார்த்தார். நாலு கட்டத்தோடு வரி முடிந்திருந்தது. கட்டத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. ஊசி குத்திக் காய்ப்பேறிய ஆள்காட்டி விரலை அங்கே வைத்து அழுத்தினார்.

ஏட்டு அவர் முகத்தைப் பார்த்தார். பையனின் சட்டையைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். அம்சவல்லி எழுத இடம் விட்டு விரலை ஓர் இஞ்ச் நகர்த்திக்கொண்டார், எடுக்கவில்லை.