மஹ்மூதா வளவின் கார்த்திகைப்பூ

மஹ்மூதாவின் வளவில் கத்தரியும் இல்லை, மிளகாயும் இல்லை. ஆவரை, விஷ்ணுகிராந்தி, வேலியோரம் அடம்பன்கொடி என்று யாரும் விலைகொடுத்து வாங்காத காட்டுப்பூக்கள்தாம். ஒருதரம் வேர்பிடித்தால் போதும். கோடையில் செத்ததுபோல் கிடந்து மாரிக்குத் தாமாகவே எழும்பிவிடும். தொண்ணூறில் எருக்கலம்பிட்டியிலிருந்து ஆயுத இயக்கம் முஸ்லிம்களை விரட்ட, கட்டிய துணியோடு வள்ளத்தில் வந்தவளுக்கு, ஆலங்குடா மணலில் அவை மட்டுமே முகம்கொடுத்தன.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஊர் பார்க்கப் போனாள். வீடு இருந்த இடத்தில் கூரையில்லாத இரண்டு சுவர். கிணற்றடியைத் தோண்டினாள். உம்மா வைத்த கார்த்திகைக் கிழங்கு உயிரோடிருந்தது. ஒரு துண்டைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள்.

ஐப்பசி மழைக்குக் கொடி ஏறியது. சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்த அன்றே பக்கத்து வீட்டுப் பளீலா வேலிக்கு வந்தாள். இயக்கம் சுட்டுக்கொன்ற அவள் தம்பியை எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

“ராத்தா, இது அவங்க கொண்டாடின பூ. என்ட கண்ணுக்கு முன்னால வைக்காதீங்க.”

“பூவுக்கு என்ன தெரியும் பளீலா? அவங்க பிறக்க முந்தியே எங்கட கிணத்தடியில பூத்தது.”

“அப்ப நீங்களும் அதுவும் அங்கயே இருந்திருக்கலாமே!”

அதோடு இரண்டு வீட்டுக்கும் கதை நின்றது. மஹ்மூதாவின் கணவர் மஸாஹிருக்கு அது பொறுக்கவில்லை. அவள் கருவாடு காயவைக்கப் போன காலையில் கொடியைக் கிழங்கோடு கிண்டி வேலிக்கு வெளியே வீசினார். கடலிலேயே காலம் கழித்த மனிதருக்கு அதன் நஞ்சு தெரியாது. தெரிந்தவள் ஒருநாளும் சொல்லவில்லை.

வெளியே பளீலாவின் கடா கட்டியிருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தம்பியின் பேரில் அறுத்துக் குர்பான் கொடுக்கவென்று கஞ்சி ஊற்றி வளர்த்தது. எட்டிய கிழங்கைத் தின்றுவிட்டு இரவெல்லாம் கழிந்து கழிந்து, மறுநாள் கால் மடிந்து விழுந்தது. அறுத்துவிடலாமென்று கத்தி எடுக்கப் போன மஸாஹிர் திரும்புமுன் உயிர் போய்விட்டது.

“நான்தான் புடுங்கி...” என்று மஸாஹிர் தொடங்கினார்.

மஹ்மூதா அவரைப் பேசவிடவில்லை. “நட்டது நான். நஞ்செண்டு தெரிஞ்சதும் நான்.”

பளீலா அழவில்லை. “முதல்ல தம்பி. இப்ப தம்பிட பேருல நிண்டதும்,” என்றாள்.

கடாவைப் புதைத்துவிட்டு வந்த மஹ்மூதா மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஆவரையை வெட்டினாள். விஷ்ணுகிராந்தியை வேரோடு இழுத்தாள்.

“இதெல்லாம் நஞ்சில்லையே, புள்ள?” என்றார் மஸாஹிர்.

“உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவ இன்னொரு ஆடு வளக்கோணும். என்ட வளவைப் பாத்துப் பயப்படாம வளக்கோணும்.”

அடம்பன்கொடி மணலுக்குள் நெடுந்தூரம் ஓடியிருந்தது. அதை இழுத்து முடிக்கப் பொழுதுபட்டு மஃரிபாகிவிட்டது.