சைஸ் காட்டிய ஃபோல்டர்

1. பூச்சி

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். நான் படித்தது மூன்றாவது வரை. அதுவும் வாத்தியார் என் தொல்லை தாங்காமல் பாஸ் போட்டது. பெங்களூருக்கு பயோடேட்டா அனுப்புகிறவர்கள், குவைத் விசா காப்பி எடுக்கிறவர்கள் என்று கடையில் எப்போதும் கூட்டம். எல்லோர் கையிலும் ஒரு பென் டிரைவ். பாதிக்கு மேல் வைரஸ். நாங்கள் அதைப் பூச்சி என்போம்.

அது திருட்டுப் பூச்சி. மஞ்சள் ஃபோல்டர் படத்தைப் போர்த்திக்கொண்டு, நல்ல பேராக ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஃபோல்டர்தானே என்று கிளிக் செய்தால் கம்ப்யூட்டர் முழுக்கப் பரவிவிடும். ஓனர் முரளி இரண்டு தடவை எல்லா கம்ப்யூட்டரிலும் விண்டோஸை மறுபடி போட்டான்.

நான் அதைக் கண்டுபிடித்த விதம் எளிது. லிஸ்ட்டை டீடெயில்ஸில் வைத்தால் பேருக்கு எதிரே சைஸ் வரும். நிஜ ஃபோல்டருக்கு அந்த இடம் காலியாக இருக்கும். பூச்சிக்கு எண் இருக்கும்.

"எம்சிஏ படிச்ச எனக்கே தெரில, உனக்கு எப்டி ஆயா தெரிஞ்சுது?" என்றான் முரளி.

"நீ பேரப் படிக்கிற நைனா. எனக்குப் படிக்க வராது, அதான் ஏமாறல."

அன்றிலிருந்து எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. எந்த பென் டிரைவும் என் கைக்கு வந்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போகும். பூச்சி மட்டுமே இருந்தால் ஃபார்மேட் செய்து எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்போமா? அதே மாதிரி, சுத்தம் செய்த பென் டிரைவ் நிறைய பெருமாள் பாட்டு போட்டுக் கொடுப்பது என் வழக்கம்.

2. கன்னியம்மா

விஜயபுரம் பக்கத்து ஊரிலிருந்து கன்னியம்மா வந்தாள். அவள் புருஷன் குவைத்தில் டிரைவர். ஐந்து வருஷமாக ஊருக்கு வராதவன் அங்கேயே செத்துப்போனான். பெட்டிதான் வந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உடன் தங்கியிருந்தவன் அவன் செல்லில் இருந்த போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி அனுப்பியிருந்தான்.

"பதினாறாம் நாளுக்கு ஒரு போட்டோ வைக்கணும்கா. அதுக்கு முன்னாடி நான் ஒரு தபா மூஞ்சியப் பாத்துக்கறேன்" என்றாள்.

சொருகினேன். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். அது என்ன பேர் என்று கேட்டாள். பக்கத்து சீட்டுப் பெண் படித்துச் சொன்னாள், கன்னியம்மா புருஷன் பேர். எதிரே எண் இருந்தது.

"உன் வூட்டுக்காரன் பேர்ல வேற எவனோ வந்து குந்திகினு கீறான் பாரு" என்றேன். கன்னியம்மா லேசாகச் சிரித்தாள்.

டிரைவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் வட்டம் பாதிக்கு மேல் நீலமாக இருந்தது. பூச்சி இவ்வளவு இடத்தைத் தின்கிறதா என்று நினைத்தேன். அனுப்பியவன் சரியாக ஏற்றவில்லை, பூச்சிதான் வந்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். ஃபார்மேட் செய்தேன். நிறைய பாட்டு போட்டேன்.

"அப்போ அவரு இதுல இல்லவே இல்லியாக்கா?"

"இல்லம்மா" என்றேன்.

3. முரளி சொன்னது

வெளியே போயிருந்த முரளி மதியம் வந்தான். இன்றைக்கும் ஒன்று பிடித்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

பூச்சி தானாகப் பேர் வைத்துக்கொள்ளாதாம். நிஜ ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதன் பேரிலேயே முன்னால் வந்து நிற்குமாம். மறைந்திருப்பதைக் காட்டச் சொல்லி ஒரு டிக் அடித்திருந்தால் நிஜம் மங்கலாகத் தெரிந்திருக்கும். அந்த நீலம் பூச்சியின் எடை இல்லை, அவள் புருஷன். இதுவரை வந்தவர்களிடம் மெயிலில் இன்னொரு காப்பி இருந்ததால் யாரும் வந்து கேட்கவில்லை. என் தப்பு எனக்கே தெரியாமல் போனது.

குவைத்தில் அவனுடன் தங்கியிருந்தவனுக்குப் போன் போட்டோம். அந்தச் செல் கம்பெனியுடையது, அழித்துத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றான். மறுநாள் கன்னியம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனேன். அழிந்ததை மீட்டுக் கொடுக்கும் ஆள் ஒருவர் அங்கே இருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏமீ லேதம்மா" என்று தெலுங்கில் கையை விரித்தார், ஒன்றுமே இல்லையாம். வெறும் ஃபார்மேட் என்றால் எடுத்திருப்பாராம். அதன் மேல் பாட்டுகளை எழுதிவிட்டதால் அடியில் இருந்தது போய்விட்டதாம்.

அவளை அவள் ஊரில் விடப் போகும் பஸ்ஸில், புத்தூர் தாண்டியதும் கன்னியம்மா கேட்டாள்:

"நீ தொறந்தப்போ ஒரு தபாவாவது அவரு மூஞ்சி தெரிஞ்சுதாக்கா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் எனக்கு. தெரிந்தது, சிரித்த முகம் என்று சொல்லியிருக்கலாம். "பாக்கலம்மா" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினாறாம் நாளுக்கு ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி வைத்தார்கள். அதில் அவன் கல்யாணத்துக்கு முந்தைய பையன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, போலியைப் பிடித்ததும் நிமிர்ந்து உட்காராதீர்கள். அது யார் பேரில் நிற்கிறது, அந்த ஆள் எங்கே என்று தேடுங்கள். கிடைக்கும்வரை அந்த டிரைவில் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். இதை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். அதனால் கன்னியம்மாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.