சாரலில் கழன்ற தாள்

தென்காசியில் டாக்டர் மசூதிடம் கம்பவுண்டராக இருந்த சிவசைலம், மருந்துப் புட்டியில் அளவுத்தாள் ஒட்டுவதில் கெட்டிக்காரர். தாளின் ஓரத்தில் வேளைக்கு ஒரு வெட்டாகக் கத்தரித்து, கஞ்சிப் பசை தடவி ஒட்டுவார். எழுத்துத் தெரியாதவர்களும் ஒரு வெட்டு இறங்கும்வரை குடித்தால் போதும். சாரல் காலத்தில் பசை நிற்காது என்பதால் மேலே நூலும் சுற்றுவார்.

1936 ஆடியில் ஒரு நாள் வாசலில் நாற்பது பேர் நின்றார்கள்.

"சீக்கிரம் தாரும் அண்ணாச்சி, வண்டி போயிரும்" என்று முருகம்மாள் அவசரப்படுத்தினாள். நூல் சுற்றாமலே புட்டியைக் கொடுத்துவிட்டார்.

முருகம்மாளுக்கு ஐந்தருவியில் பழக்கடை. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதய வால்வைக் கெடுத்திருந்தது. நாடி தாறுமாறாக ஓடும். அதை அடக்கத்தான் டிஜிட்டாலிஸ் மருந்து.

ஆறாம் நாள் அவளை வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். ஓயாத வாந்தி. டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"நாடி மறுபடியும் தப்புது. நோய் முத்திட்டுவே. அதே மருந்தை ஊசியாப் போட்டுருவோம்."

சிவசைலத்தின் கண் அவள் மடியிலிருந்த புட்டியில் விழுந்தது. தாள் இல்லை.

"தாளு எங்க, முருகம்மா?"

"மறுநாளே சாரல்ல ஊறி விழுந்துட்டு. குத்துமதிப்பா ஒரு மடக்கு குடிச்சேன். உம்ம மூஞ்சி என்ன இவ்ளோ மஞ்சளா இருக்கு? மஞ்ச தேச்சிக் குளிச்சீரா?"

சிவசைலத்துக்கு விளங்கிவிட்டது. வாந்தி, மஞ்சள் பார்வை, தப்பும் நாடி: மூன்றும் மருந்து மிஞ்சியதற்கு அடையாளம். ஊசிக்குழாயில் வெறும் தண்ணீரை ஏற்றிக் கொடுத்தால் தன் தப்பு யாருக்கும் தெரியாது. ஆனால் டாக்டரே மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் டாக்டர்! நான் நூல் சுத்தலை. தாளு கழண்டு, அளவு தெரியாமக் குடிச்சிருக்கா. என் தப்பு."

டாக்டர் ஊசியை வைத்துவிட்டு, இந்தத் தடவை நிதானமாக நாடி பார்த்தார். இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி. மறுபடி இரண்டு, ஒரு இடைவெளி.

"பழைய தாறுமாறுக்கு ஒரு கணக்கே கிடையாது. இது கணக்காத் தப்புது. மருந்து பண்ணுத வேலைதான். நானும் அவசரப்பட்டுட்டேன்வே."

மருந்து நின்றது. நான்கு நாள் சிவசைலம் வீட்டுக்குப் போகாமல் அவள் நாடியை எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் வாந்தி நின்று, சோறு கேட்டாள்.

சில வாரம் கழித்து, அளவைக் குறைத்துக் கலந்த புதுப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, புட்டிக்குத் தாலி கட்டியிருக்கீரு?"

வாசலில் நின்ற கூட்டமே சிரித்தது. அவர் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

அவளுக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. வருஷந்தோறும் முதல் மங்குஸ்தான் பழங்களை அவருக்கென்று கொண்டுவருவாள். வாங்கி, அவள் தலை மறைந்ததும் வாசலில் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார். ஒன்றைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை.