அணைப்பதற்கு ஒரு சுவிட்ச்

இன்று ஸ்கந்தபுரத்திலிருந்து சைக்கிளில் கிளிநொச்சிக்கு வந்து, நெட் கபேயில் இருந்து கனடாவில் உள்ள அக்காவோடு கதைத்தேன்.

அவளுடைய மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்கப் படிப்பிக்கிறார்களாம்.

"ஆளில்லாத அறையில லைட் எரியக் கூடாதாம், கிட்டடிக்குக் கார் எடுக்கக் கூடாதாம், உடுப்பை வெயில்ல காயப்போடட்டாம். என்னைப் போட்டு வறுக்கிறான்" என்றாள்.

"நாங்கள் இதெல்லாம் எப்பவோ தொடங்கிட்டம் அக்கா. சண்டைக்குள்ள போன கரண்ட் இன்னும் வரேல்லை" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இஞ்ச வெளியில பனி கொட்டுது. உடுப்பு மெஷினிலதான் காயுது. வெயில்ல காய்ஞ்ச சட்டை ஒண்டு போட ஆசையாக் கிடக்கடி."

எனக்கு அவள் வீட்டுச் சுவிட்ச் ஒன்றைத் தட்டிப் பார்க்க ஆசை. அவளையும் பார்க்க ஆசை. இரண்டாவதைச் சொல்ல வாய் வரவில்லை. "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டேன்.

"தங்கச்சி, கெதியா முடியுங்கோ. டீசல் காணாது, ஜெனரேட்டரை நிப்பாட்டப் போறன்" என்கிறார் கடைக்கார அண்ணர். அதற்குள் இதை என் வலைப்பூவில் எழுதுகிறேன்.

வீட்டில் கரண்ட் உள்ளவர்கள் இன்றிரவு எனக்காக ஒரு லைட்டை அணைத்துவிட்டு, எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.