கடித்த குரங்கும் கடித்த கையும்

பத்தாவது வரை மட்டும் படித்தவள் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுவேன். இங்கிலீஷ் இலக்கணத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வடக்கே, சரோஜினி நகரில் சின்னப் பிள்ளைகள் பள்ளி ஒன்றில் ஒன்பது வருடமாக ஆயா வேலை. மூக்குத் துடைப்பது, கால் கழுவிவிடுவது, தம்ளர் கழுவுவது. போன குளிர்காலத்தில் வகுப்பில் டீச்சருக்கு உதவியாளர் வேலை ஒன்று காலியானது. எனக்கே தருவதாகப் பிரின்சிபால் சொன்னார். ஆனால் பிள்ளைகளிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். கற்றுக்கொண்டதாக யாராவது எழுதித் தர வேண்டும்.

கிட்வாய் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ரிட்டயரான தமிழ் அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிலீஷ் வகுப்பு எடுத்தார். சேர்ந்தேன். பார்ட்டிசிபிள் என்று ஒரு பாடம் நடத்தினார். "நடந்துக்கிட்டு இருந்தா 'இங்'. நடந்து முடிஞ்சிட்டா 'எட்' இல்லன்னா 'என்'. அவ்வளவுதாம்மா, சிம்பிள்." நான் அதை அப்படியே நோட்டில் எழுதி, தம்ளர் கழுவும்போதெல்லாம் மனப்பாடம் செய்தேன்.

கடைசி வகுப்பில் பரீட்சை. ஒரு காட்டு மிருகத்தைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுத வேண்டும். பாஸானால் கடிதம்.

மற்றவர்கள் டிவியில் பார்த்த புலி, சிங்கத்தை எழுதினார்கள். எனக்கு எழுத உண்மையாகவே ஒரு மிருகம் இருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், டிபன் நேரத்தில் பள்ளி வராந்தாவுக்குள் ஒரு குரங்கு புகுந்தது. பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவை இழுத்துப் பிடித்தேன். இடது கையைக் கடித்துவிட்டது. எனக்குத்தான் ஊசி போட்டார்கள். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை.

என் தாளை எடுத்து அவர் எல்லோருக்கும் சத்தமாகப் படித்தார். "தி பிட்டன் மங்கி ரன் அவே. மை பைட்டிங் ஹேண்ட் இஸ் பெய்னிங்." கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, குரங்கு உன்னைக் கடிச்சுதா, நீ குரங்கைக் கடிச்சியா?"

வகுப்பே சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பெண், "அந்தக் குரங்குக்கு ஊசி போட்டாங்களாக்கா?" என்றாள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

நான் யோசிக்காமலா எழுதினேன்? குரங்கு கடித்து முடித்துவிட்டது, அதனால் பிட்டன். கை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது, அதனால் பைட்டிங். அவர் சொன்ன விதிதான். தமிழில் 'கையைக் கடித்த குரங்கு' என்கிறோம். 'குரங்கு கடித்த கை' என்றும் சொல்கிறோம். கடித்ததற்கும் கடிபட்டதற்கும் ஒரே 'கடித்த' போதும். இங்கிலீஷில் அது கடித்ததற்கு பைட்டிங், கடிபட்டதற்கு பிட்டன் என இரண்டாகப் பிரியும் என்று அவர் ஒரு நாளும் சொல்லித்தரவில்லை. தமிழ் பேசி வளர்ந்தவர்தானே, எங்கே இடறுவோம் என்று அவருக்குத் தெரியாதா?

அதோடும் விடவில்லை. "காட்டு மிருகம்னு கேட்டா குரங்கை எழுதியிருக்கே. அது ரோட்ல திரியுது. செவ்வாய்க்கிழமையானா சாமின்னு ஜனங்க வாழைப்பழம் போடுது."

"அப்ப அது வீட்டு மிருகமா சார்?" என்று கேட்டுவிட்டேன். அந்த வகுப்பில் நானாக வாய் திறந்தது அப்போதுதான். கடிபட்ட கையைக் கட்டோடு தூக்கிக் காட்டினேன். "கடிச்சது குரங்கு, கடிபட்டது நான். நீங்க படிச்சதும் உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுது. ஆனா கிராமர் தப்பு. கடுதாசி அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தாளை மடித்துக் கொடுத்தார். சிங்கம் எழுதியவளுக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. கடிதம் எங்கே என்று பிரின்சிபால் கேட்டார். இல்லை என்றேன். வேலைக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பதாகச் சொன்னார். பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் குரங்கு வந்திருந்தது. விரட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். தடியை எடுத்துக்கொண்டு போனேன்.